நம்பர் காட்டாத கோலும் அப்பாவின் கண் ஒப்பரேஷனும்

லண்டனில் வயதான அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். அப்பாவுக்குக் கண்ணில் கற்றராக்ட், அதாவது கண்புரை. ஜீபி, அதாவது எங்கள் குடும்ப வைத்தியர், எழுதி அனுப்பி, வைத்தியசாலைப் பட்டியலில் பெயரும் ஏறியிருந்தது. பிறகு ஒரு கடிதம் வந்தது: ஒப்பரேஷனுக்கு முந்தைய விசாரிப்புக்காக உங்களோடு தொலைபேசியில் பேச முயன்றோம், முடியவில்லை, ஆகவே உங்களைத் திரும்பவும் ஜீபியிடமே விடுகிறோம்.

அப்பாவின் போனை எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு மிஸ்ட் கோல்கூட இல்லை.

"நம்பர் இல்லாத கோல் எனக்கு வராது. கள்ளர்தான் அப்பிடி அடிக்கிறவங்கள் எண்டு கோயில்ல ஒருத்தர் பூட்டித் தந்தவர்" என்றார் அப்பா. அவருடைய சாம்சங்கில் நம்பரை மறைத்து வரும் அழைப்புகளைத் தடுக்கும் பொத்தான் போடப்பட்டிருந்தது. வீட்டு லேண்ட்லைனிலும் *227# அடித்து அதே தடை. லேண்ட்லைனில் இந்தத் தடை இருந்தால் நம் வீட்டில் மணியே அடிக்காது. அழைப்பவருக்குத்தான், இந்த இலக்கத்துக்காரர் மறைத்த அழைப்புகளை ஏற்பதில்லை என்று ஒரு பதிவுக்குரல் கேட்கும்.

வைத்தியசாலையின் அப்பொயின்ற்மென்ற் பகுதிக்கு அடித்து, வெகுநேரம் பாட்டுக் கேட்டபின் ஒரு பெண் கிடைத்தார். எங்கள் கட்டடத்திலிருந்து வெளியே போகும் எல்லாக் கோலும் நம்பர் மறைத்துத்தான் போகும் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். இங்கே பல வைத்தியசாலைகளில் இதுதான் வழக்கம். காரணமும் உண்டு. உள்ளே நூற்றுக்கணக்கான எக்ஸ்டென்ஷன்கள், அதாவது மேசைக்கு மேசை உள் இணைப்புகள். திருப்பி அடிப்பவர் யாரோ ஒருவரின் மேசையில் போய் விழுவார். இன்னொன்று, நோயாளியின் அந்தரங்கம். எந்த கிளினிக்கிலிருந்து கோல் வந்தது என்று வீட்டிலுள்ள மற்றவர்கள் அறியக்கூடாத நிலைமைகள் இருக்கின்றன. வீட்டில் அடிவாங்கும் ஒரு பெண்ணுக்கு அது உயிர்ப் பிரச்சினை. இந்த இரண்டாவது காரணத்தை நான் முழுதாக ஏற்கிறேன். முதலாவதை ஏற்க முடியவில்லை. எந்த எக்ஸ்டென்ஷனில் இருந்து பேசினாலும் வெளியே பொது இலக்கம் ஒன்று தெரியும்படி அமைக்கலாம். வங்கிகளும் கவுன்சில்களும் அப்படித்தான் செய்கின்றன. கண் வைத்தியப் பகுதி எதற்காக ஒளிய வேண்டும்?

இதன் உள்வேலை தெரிந்தபிறகுதான் எனக்கு வழி பிடிபட்டது. நம்பரை மறைத்தாலும் அது அழைப்போடு கூடவே போகிறது. 'காட்டாதே' என்ற குறிப்பு மட்டும் ஒட்டிக்கொள்கிறது. இடையிலுள்ள தொலைபேசி நிறுவனங்களுக்கு நம்பர் தெரியும். கடைசியில் நம் திரைக்குத்தான் அவர்கள் அதைக் கொடுப்பதில்லை. ஐபோனில் 'நோ கோலர் ஐடி' என்றும், வேறு போன்களில் 'பிரைவேட் நம்பர்' என்றும் விழும். கடைசியாக அழைத்தவரின் நம்பரைச் சொல்லும் 1471ஐ அடித்தாலும், அழைத்தவர் நம்பரை மறைத்திருந்தார் என்ற பதில்தான் வரும். ஆனால் அவசர உதவிக்கான 999க்கு அடிக்கும்போது இந்த மறைப்பு செல்லாது. அவர்களுக்கு நம்பர் தெரியும். தொல்லை கொடுப்பவனையும் பொலிஸ் இந்தத் தடத்தை வைத்தே தேடிப் பிடிக்கலாம்.

அப்பாவின் சாம்சங்கில் போன் செயலியைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸில் 'பிளொக் நம்பர்ஸ்' பகுதிக்குப் போய் அந்தப் பொத்தானை அணைத்தேன். லேண்ட்லைனில் #227# அடித்துத் தடையை நீக்கினேன். ஐபோன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: 'சைலன்ஸ் அன்னோன் கோலர்ஸ்' போட்டிருந்தால், போனில் பெயரோடு பதியாத, நாம் முன்பு அழைத்தும் இராத நம்பர்கள் மணியடிக்காமல் குரல்பதிவுப் பெட்டியான வொய்ஸ்மெயிலுக்குப் போய்விடும். நோயாளியின் விடயம் வேறு காதில் விழக்கூடாது என்று வைத்தியசாலைக்காரர் பலமுறை அதில் எந்தச் செய்தியும் பதியாமல் அழைப்பைத் துண்டித்துவிடுவார்கள்.

தடை போய்விட்டதா என்று சோதிக்காமல் விடவேண்டாம். என் கைத்தொலைபேசியில், நம்பரை மறைக்கும் 141ஐ அடித்து, அதோடு சேர்த்து அப்பாவின் நம்பரை அடித்தேன். பக்கத்து அறையில் அவருடைய போன் மணியடித்தது, திரையில் நம்பர் இல்லை. கைத்தொலைபேசியில் 141க்குப் பதிலாக #31# போட்டாலும் அந்த ஓர் அழைப்புக்கு மட்டும் நம்பர் மறையும். உங்களுடைய லைன் எப்போதும் மறைத்தே போகிறதென்றால், 1470 அடித்து அந்தக் கோலில் மட்டும் நம்பரைக் காட்டலாம். இங்கே அனைவருக்கும் இது இலவசம்.

அப்பாவின் பயத்தைத் தவறென்று சொல்லமாட்டேன். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று நம் ஆட்களின் சேமிப்பையே உருவியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கள்ளர் நம்பரை மறைத்துக்கொண்டு வருவது குறைவு. பொய்யான நம்பரைக் காட்டிக்கொண்டு, சிலவேளை வங்கியின் உண்மையான நம்பரையே காட்டிக்கொண்டு வருகிறார்கள். விற்பனை அழைப்புக்காரர் நம்பரைக் காட்டியே ஆகவேண்டும் என்று பிரித்தானியாவில் 2016 மே மாதத்திலிருந்து சட்டம் இருக்கிறது. ஆக, மறைத்த கோல்களைப் பூட்டியதில் கள்ளன் வெளியே நிற்கவில்லை, நேர்ஸ்தான் நின்றார்.

அதனால் அப்பாவோடு இருந்து வேறு ஒழுங்கு செய்தோம். யார் அடித்தாலும் பெயரும் பகுதியும் கேட்டு எழுதுவது. பிறந்த திகதியை உடனே சொல்லாமல், கடிதத்தில் அச்சிட்டிருக்கும் நம்பருக்குத் தானே திருப்பி அடிப்பது. வங்கி என்று சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, உண்மையான வங்கியோடு இணைக்கும் 159ஐ அடிப்பது. மோசடி நம்பரை 7726க்கு எஸ்எம்எஸ்ஸில் அறிவிப்பது.

ஜீபி மீண்டும் எழுதித்தர, வைத்தியசாலைப் பதிவில் என் நம்பரை இரண்டாவது தொடர்பாகச் சேர்த்தார்கள். நோயாளிகளின் முறைப்பாடுகளைக் கேட்கும் 'பால்ஸ்' பகுதிக்கும் எழுதினேன்: கோல் எடுக்க முன் ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், பொது இலக்கத்தைக் காட்டுங்கள் என்று. முதலாவதை அப்பாவின் கோப்பில் குறித்துவிட்டார்கள். இரண்டாவதற்குப் பதில் இன்னும் வரவில்லை, வரும்வரை எழுதிக்கொண்டிருப்பேன்.

விசாரிப்புக் கோல் நான் வேலையில் நின்றபோது வந்திருக்கிறது. "பேரைக் கேட்டு எழுதிப்போட்டு, கடிதத்தில இருக்கிற நம்பருக்கு நானே அடிச்சுக் கதைச்சனான். அந்தப் பிள்ளை கோவிக்கேல்லை" என்றார் அப்பா. ஒப்பரேஷனுக்குத் திகதியும் கிடைத்துவிட்டது.