செம்பியை விற்ற நாள்

ஆடி பிறந்தாலே எங்கள் வீட்டில் அந்தியூர்ப் பேச்சு தொடங்கிவிடும். அந்தியூர் பக்கத்துப் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் பண்டிகையோடு கூடும் மாட்டு, குதிரைச் சந்தை அது. திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கேதான் குதிரை பிடித்தார் என்று தாத்தா காலத்திலிருந்து சொல்லிக் கேட்டிருக்கிறேன். பர்கூர் மலை மாடும் காங்கேயம் காளையும் ஒரு பக்கம் நிற்க, என் கால் மட்டும் குதிரைகள் இருக்கும் பக்கம் போய்விடும்.

2016இல் அங்கே ஒரு வெள்ளை ஆண் குதிரை வாங்கினேன். கயிற்றைப் பிடித்து நிறுத்தியிருந்தபோது கழுத்தைத் தூக்கி அப்படி நின்றான். காதுகள் உள்பக்கமாக வளைந்து, நுனி இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தன. உடம்பில் முடிச் சுழிகளிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பல்லும் சொன்ன வயதுக்குச் சரியாக இருந்தது. நடை? கூட்டத்துக்குள் மண் தரையில் பத்தடி நடத்திக் காட்டினார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் வலது முன்னங்காலை ஊன்ற முடியாமல் நின்றான். முழங்காலுக்குக் கீழே பின்பக்கத் தசைநாணில் பழைய அடி. வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டுக் கொண்டு வந்திருப்பார்கள் என்றார் கால்நடை மருத்துவர். அவனை நான் திருப்பி விற்கவில்லை. கடைசிவரை எங்கள் கொட்டகையிலேயே இருந்தான்.

அதிலிருந்து நின்ற கோலத்தை வைத்து நான் விலை பேசுவதில்லை. தார் ரோட்டுக்குக் கொண்டு போக வேண்டும். கயிற்றைத் தளர்வாக விட்டு ஓட்டம் விடச் சொல்லிவிட்டு, முன்னால் நின்று தலையைப் பார்க்க வேண்டும். நோவு உள்ள முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது இறங்கும். கண்ணை மூடிக் கேட்டால்கூடத் தெரியும். நல்ல குதிரையின் குளம்புச் சத்தம் ஒரே தாளத்தில் விழும். முடிந்தால் மறுநாளும் போய்ப் பார்க்க வேண்டும். விற்பவர் ரோட்டுக்கு வர மறுத்தால் அந்தக் குதிரை நமக்கு வேண்டாம்.

போன ஆடியில் விற்கிற பக்கம் நான் நின்றேன். செம்பி எங்கள் பெண் குதிரை போட்ட குட்டி. மூன்று வயது, பால் பல் விழுந்து ரெண்டு பல் முளைத்திருந்தது. பிடரி முடிகிற மேட்டில் அளந்தால் 58 அங்குலம். கோ-4 தீவனப் புல்லும் ஊறவைத்த கொள்ளும் என் கையாலேயே கொடுத்து வளர்த்தது. மழை இல்லாமல் தீவனத்துக்கே திண்டாட்டம், இரண்டை வைத்துக் காப்பாற்ற முடியவில்லை.

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் மாமாவோடு வந்திருந்தான். செம்பியின் நெற்றியைத் தடவியவன் அப்புறம் வேறு குதிரை பக்கம் திரும்பவேயில்லை. விலையை விரலால் பேச, தரகர் துண்டைப் போட்டு என் விரலைப் பிடித்தார். கையை இழுத்துக்கொண்டேன்.

"முதல்ல ரோட்டுல ஓட்டிப் பாருங்க தம்பி, அப்புறம் விலை பேசலாம்."

"பார்த்தாலே தெரியுதுங்கண்ணா, நல்ல உருப்படிதானுங்க" என்றான்.

விடவில்லை. ரோட்டில் இரண்டு முறை ஓடவிட்டேன். நான்கு குளம்பையும் தூக்கிக் காட்டினேன். லாரி ஹாரன் அடித்தால் மிரளுவாள், இடப்பக்கம் நின்று கயிறு கட்ட விடமாட்டாள், இரண்டையும் சொன்னேன். "வியாபாரத்தைக் கெடுக்காதீங்க" என்று தரகர் காதோரம் முணுமுணுத்தார். மாமாக்காரர் மட்டும் நான் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். 85,000க்கு முடிந்தது. நான் நினைத்ததைவிட ஐயாயிரம் குறைவுதான்.

அவர்கள் புதுக் கயிறு கொண்டு வந்திருந்தார்கள். பழையதை நானே அவிழ்த்தேன். காதுக்குப் பின்னால் கயிறு பட்ட இடத்தில் முடி தேய்ந்து வழவழப்பாக இருந்தது. வண்டியில் ஏற்றும்போது கழுத்தைத் திருப்பி ஒருமுறை கனைத்தாள். அந்தக் கயிறு இன்னும் கொட்டகை ஆணியில் தொங்குகிறது, அதில் வேறு எதையும் கட்டவில்லை.