பித்தளையில் ஒரு வேல்: பத்தர் வாள் பழகுகிறேன்

பித்தளைத் தகட்டில் வெட்டிய வேல் ஒருவழியாக இரண்டு பக்கமும் ஒரே அளவில் வந்திருக்கிறது. நுனிக்கு இன்னும் அரம் போட வேண்டும். பழகியதை மறக்க முன் எழுதி வைக்கிறேன்.

நான் பாவிப்பது நகை செய்யும் பத்தர்மாரின் சின்ன வாள். ‘ப’ வடிவச் சட்டம், அதில் பூட்ட நூல் போன்ற பிளேட். யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதிப் பக்கம் கேட்டால் கிடைக்கும். பிளேட்டை டசின் டசினாக மெல்லிய கம்பியால் சுற்றி வைத்திருப்பார்கள். ஒன்றிரண்டு போதும் என்று நினைத்துப் போகாதீர்கள், முறிவது அதன் சுபாவம்.

பிளேட்டுக்கு இலக்கம் உண்டு. 1, 2 என்று ஏற ஏறத் தடிப்பு. 2/0, 4/0, 8/0 என்று போகப் போக மெல்லிசு. தகட்டின் தடிப்புக்குள் எந்நேரமும் இரண்டு மூன்று பல்லாவது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பல் தகட்டின் விளிம்பில் கொளுவி முறியும். 2/0 பிளேட்டில் அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட 56 பல், அதாவது ஒரு மில்லிமீற்றருக்கு இரண்டு பல் சொச்சம். என்னுடையது 1 மில்லிமீற்றர் தகடு என்பதால் அது மட்டுமட்டாகச் சரி. அதைவிட மெல்லிசு என்றால் 4/0 எடுங்கள்.

பூட்டும்போது பல் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், கைபிடியை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இந்த வாள் கீழே இழுக்கும்போதுதான் வெட்டும். பல் கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரலால் மெல்லத் தடவுங்கள்: கீழ்நோக்கி வழுக்கும், மேல்நோக்கிக் கொளுவும். மேல் நுனியை இறுக்கியபின் சட்டத்தை மேசை விளிம்பில் முட்டக் கொடுத்து, கைபிடியை நெஞ்சால் நெருக்கிக்கொண்டே கீழ் நுனியை இறுக்க வேண்டும். நெஞ்சை எடுத்ததும் சட்டம் விரிந்து பிளேட் விறைக்கும். நகத்தால் சுண்டினால் ‘டிங்’ என்று கேட்க வேண்டும். ‘டப்’ என்றால் கழற்றித் திரும்பப் பூட்டுவதுதான் வழி. தொய்ந்த பிளேட் கீறிய கோட்டில் நில்லாது.

இவ்வளவும் யாரும் சொல்லித் தருவார்கள். யாரும் சொல்லாத ஒன்று, இருக்கிற உயரம். கன்னாதிட்டியில் பட்டறை வைத்திருக்கும் பத்தர் ஐயா ஒருவரிடம் கைப்பழக்கம் பற்றித்தான் கேட்கப் போனேன். “கையைப் பிறகு பாப்பம் தம்பி, முதல் நீர் எந்த உயரத்தில இருந்து வெட்டுறீர் எண்டு சொல்லும்” என்றார். அவர் நிலத்தில் சப்பாணி கட்டி இருக்கிறார், தகடு அவருடைய நெஞ்சு மட்டத்தில். அப்போது முழங்கை தளர்ந்து தொங்கும், வாள் தானாக நெட்டுக்கு நிற்கும். சாப்பாட்டு மேசையில் குனிந்து வெட்டினால் வாள் முன்னுக்குச் சரியும், வெட்டும் சரியும்.

வீட்டுக்கு வந்ததும் கதிரையைத் தள்ளிவிட்டு, அம்மா தேங்காய் திருவ இருக்கிற பலகைக்கட்டையை எடுத்துப் போட்டேன். தகட்டை வைத்து வெட்ட, ஒரு ஸ்டூலில் ‘வி’ வெட்டுப் போட்ட மரத்துண்டைக் கிளாம்பால் இறுக்கினேன். முறியும் பிளேட்டுகள் பாதிக்கு மேல் குறைந்தன. அம்மாதான் பலகைக்கட்டையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறா.

“அமத்தாதையும், ஏத்தி இறக்கினால் காணும், வாள் தன்ரபாட்டில தின்னும்” என்பது பத்தர் ஐயாவின் அடுத்த பாடம். நேர்கோட்டில் இது லேசு. வேலின் இலை தண்டோடு சேருகிற உள்மூலையில்தான் சோதனை. மூலைக்கு வந்ததும் முன்னேறுவதை நிறுத்தி, நின்ற இடத்திலேயே வாளை ஏற்றி இறக்க வேண்டும். அதே நேரம் மற்றக் கையால் தகட்டை மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும், வாளைத் திருப்பக்கூடாது. ‘கிர்கிர்’ சத்தம் அடங்கி வாள் சும்மா ஓடுவதுபோல் கேட்டால், பிளேட் திரும்ப அங்கே இடம் உண்டாகிவிட்டது. அதற்குமுன் அவசரப்பட்டால் ‘டக்’ என்று போய்விடும். முறிந்த நுனி எங்கே பறக்கும் என்று சொல்ல ஏலாது, கண்ணாடி போடாமல் இருக்க வேண்டாம்.

சில்லறை விஷயங்கள்: மெழுகுதிரியைப் பிளேட்டின் முதுகில் தேய்த்தால் போதும், பல்லில் அப்பினால் தூள் அடைக்கும். கோட்டுக்கு மேலே வெட்டாமல் சற்று வெளியே வெட்டி, மிச்சத்தை அரத்துக்கு விடுங்கள். செம்பு பித்தளையை விட மெதுமைதான், ஆனால் பிளேட்டைப் பிடித்துக்கொள்ளும். பழகப் பித்தளைதான் நல்லது. அலுமினியம் வெட்டிய இடத்தில் வெள்ளி வேலை வேண்டாம் என்று ஐயா கண்டிப்பாகச் சொன்னார். அந்தத் தூள் ஒட்டிய வெள்ளியைச் சூடாக்கினால் குழி விழுந்துவிடும்.

அடுத்தது ஒரு யாழ். வெளிக்கோடு பயமில்லை, நரம்புகளுக்கு இடையில்தான் பிரச்சினை. ஒவ்வொரு இடைவெளிக்கும் 1 மில்லிமீற்றர் துளை போட்டு, பிளேட்டின் ஒரு நுனியைக் கழற்றித் துளைக்குள் விட்டுத் திரும்பப் பூட்ட வேண்டும். செங்கோட்டி யாழுக்கு ஏழு நரம்பு, சட்டத்தோடு சேர்த்தால் எட்டு இடைவெளி. நாலு நரம்போடு நிறுத்தினால் யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.