குறுக்குக் கை கார்டு: எவ்வளவு நேரம் தாங்கும்?

1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ், ஹெவிவெயிட் குத்துச்சண்டை. ஜார்ஜ் ஃபோர்மனுக்கு வயது 45, சாம்பியன் மைக்கேல் மூரருக்கு 26. ஒன்பது ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் புள்ளி அட்டையிலும் ஃபோர்மன் பின்தங்கியிருந்தார். இரண்டில் 88-83, ஒன்றில் 86-85. பத்தாவதில் வலது கை தாடையில் இறங்கியது, மூரர் எழவில்லை. ஓய்வுக்குப் பிந்தைய இரண்டாவது வருகையில் ஃபோர்மன் நம்பியிருந்தது குறுக்குக் கை கார்டு, அதாவது இரண்டு கையையும் உடலுக்குக் குறுக்காக வைத்துத் தற்காக்கும் முறை. அதன் வரவு செலவு அந்த அட்டைகளில் அப்படியே இருக்கிறது. ஆளை நிற்க வைக்கும், புள்ளி வாங்கித் தராது.

ஃபோர்மனுக்கு முன்பே இதில் கைதேர்ந்தவர் ஆர்ச்சி மூர். 1952இல் ஜோயி மாக்சிமை வென்று லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர். 1974இல் கின்ஷாசாவில் முகமது அலியோடு மோதியபோது ஃபோர்மனின் மூலையில் (பயிற்சியாளர் குழுவில்) நின்றவரும் இவர்தான்.

இனி நிற்கும் விதம். வலது கைக்காரரை வைத்தே சொல்கிறேன். இடது கை மார்புக்குக் கீழே குறுக்காகப் போய், கிளவுஸ் வலது விலாவை மூடும். வலது கை முகத்துக்கு முன்னால் குறுக்காக வந்து, கிளவுஸ் இடது கன்னத்தருகே உள்ளங்கை வெளியே பார்க்க நிற்கும். தாடை இடது தோளுக்குப் பின்னால் ஒடுங்கும். பார்வை மேலே இருக்கும் வலது கையைத் தாண்டி. இரண்டு கையையும் முகத்துக்கு எதிரே அடுக்கி வைக்கும் வகையும் உண்டு, ஃபோர்மன் பல நேரம் அப்படித்தான் செய்வார். ஆனால் கற்றுக்கொள்ள முதல் வகையே நல்லது.

பெரும்பாலானவர்கள் தவறுவது வலது முன்னங்கையில்தான். அதை மூக்கோடு ஒட்டி வைத்தால் எதிராளி கையை அடிப்பான், கை மூக்கை அடிக்கும். முகத்துக்கும் கைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி வேண்டும். கை மட்டப்பலகை மாதிரி நேராகவும் இருக்கக் கூடாது. கிளவுஸ் மேலே, முழங்கை சற்றுத் தாழ்வாக, சாய்வாக இருக்கட்டும். சாய்ந்த கையில் விழுகிற நேர் குத்து வழுக்கி ஓரமாகப் போகும். மட்டமான கையில் விழுந்தால் மொத்த பாரமும் கழுத்துக்கு வந்து சேரும்.

இப்போது என்ன நிற்கும், என்ன நுழையும்? ஸ்ட்ரெய்ட் ரைட் (வலது கை நேர் குத்து) வந்தால் இடது தோளும் வலது கிளவுஸும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும். தலைக்கு வரும் இடது ஹூக்குக்கு (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) வலது முழங்கையை ஒரு சாண் தூக்கினால் போதும். அதில் மோதினால் வலி அடித்தவனுக்குத்தான், இரண்டு முறை பட்டவன் மூன்றாவதாக அந்தப் பக்கம் வர யோசிப்பான். கீழிருந்து மேலே எழும் அப்பர்கட்டுக்கு இரண்டு தடுப்பு குறுக்கே கிடக்கிறது. உயரமான ஆள் மேலிருந்து இறக்கும் ஜாப் (முன்னால் இருக்கும் கையின் வேகமான நேர் குத்து) மட்டும் கைக்கு மேலாக நெற்றிக்கும் கண்ணுக்கும் வந்து சேரும். மயக்காது, ஆனால் கண்ணை வீங்க வைக்கும், ரவுண்டையும் எடுத்துக்கொண்டு போகும்.

உண்மையான ஓட்டை வலது விலாவில் இருக்கிறது. இடது கிளவுஸ் அங்கே இருந்தாலும், முழங்கை தூக்கிய நொடியில் கல்லீரல் திறந்து கிடக்கும். விவரம் தெரிந்தவன் தலைக்கு ஒரு ஹூக் காட்டி முழங்கையைத் தூக்க வைத்து, அடுத்த ஹூக்கை அதே கையால் கீழே போடுவான். அதனால் முழங்கையை மட்டும் தனியாகத் தூக்கக் கூடாது. இடுப்பிலிருந்தே சாய வேண்டும். தலைக்கு வந்தால் பின்காலுக்குச் சாய்வு, விலாவுக்கு வந்தால் முன்னே குனிந்து முழங்கையை இடுப்பெலும்பு நோக்கி இறக்குவது. கை கட்டிச் சிலை மாதிரி நிற்பவருக்கு இந்த கார்டு உதவாது.

இதிலிருந்து பதிலடி கொடுக்க முடியாது என்று சிலர் எழுதுகிறார்கள். ஒத்துக்கொள்ள மாட்டேன். கடினம் என்று சொன்னால் சரி. இடது கை வயிற்றுக்குக் குறுக்கே இருக்கிறது. அங்கிருந்தே வீசினால் அது புறங்கை அடி, ஃபவுல். முதலில் இடுப்பை இடப்பக்கம் திருப்பி, கையை அதன் இடத்துக்குக் கொண்டு வந்த பிறகுதான் ஹூக்கோ அப்பர்கட்டோ. வலது கை கன்னத்தருகே இருப்பதால் நேராகப் போக நேரமாகும், மேலிருந்து வெட்டுவது போல இறக்கலாம். ஃபோர்மனின் வழி இன்னும் எளிது: மேலே இருக்கும் கையால் எதிராளியின் தோளைத் தள்ளி இடம் உண்டாக்கி, உடனே ஜாப். ரெஃப்ரி பார்க்கும்படி அந்தக் கையை முகத்திலோ தொண்டையிலோ அழுத்தினால் அதுவும் ஃபவுல்.

கென் நார்ட்டனைப் பார்த்தால் இன்னொன்று புரியும். 1973இல் சான் டியேகோவில் அலியின் தாடையை உடைத்தவர், முன்னேறிக்கொண்டே இருக்கும்வரை இந்த கார்டில் அவரைத் தொடுவது கஷ்டம். பின்வாங்க வைத்தவர்களிடம் கதை வேறு. ஃபோர்மன் 1974இல் இரண்டாவது ரவுண்டில் முடித்தார். எர்னி ஷேவர்ஸ் 1979இல் முதல் ரவுண்டிலேயே. 1981இல் ஜெரி கூனிக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. கயிற்றில் முதுகு பட்டதும் சாய இடமில்லை, சாய்வு போனால் மிஞ்சுவது இரண்டு கை மட்டும்.

பழக வேண்டுமானால் இரண்டு நிமிட ரவுண்டு மூன்று, 16 அவுன்ஸ் கிளவுஸ், பாதி பலம். முதல் ரவுண்டில் கூட்டாளி ஜாபும் ஸ்ட்ரெய்ட்டும் மட்டும். இரண்டாவதில் தலைக்கு ஹூக். மூன்றாவதில்தான் விலாவும் சேரும், கார்டு உடைவது அங்கேதான். முன்னங்கையில் அடுத்த நாள் நீலம் பாய்ந்தால் எங்கே என்று பாருங்கள். முழங்கை பக்கத்துச் சதையில் என்றால் சரி. மணிக்கட்டருகே என்றால் கையை மிகவும் உள்ளே இழுத்து வைத்திருக்கிறீர்கள். கட்டிய கையோடு இரண்டு மூன்று குத்துக்கு மேல் நிற்காதீர்கள்: ஒன்று அடியுங்கள், இல்லை பக்கவாட்டில் வெளியேறுங்கள்.

அமெச்சூர் ரிங்கில் இதற்கு மதிப்பு இன்னும் குறைவு. மூன்றே ரவுண்டு, அடிக்காமல் மூடிக்கொண்டே நிற்பதை விதியே தவறாகப் பார்க்கிறது. எம்எம்ஏவில் (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) நேர் எதிர். 4 அவுன்ஸ் கிளவுஸுக்குப் பின்னால் முகத்தை ஒளிக்க முடியாது, இடுக்கு வழியாகக் குத்து நுழைந்துவிடும். குறுக்குக் கை கார்டு கிளவுஸை நம்புவதில்லை, எலும்பைத்தான் நம்புகிறது. ஆனால் அங்கே விலாவுக்கு வருவது குத்து மட்டுமல்ல, முழங்காலும் உதையும்.