தேதி, சூடு, எடை: ஒரு மழைக்காலத்து நாட்குறிப்பு

அக்டோபர் 6, 2025

ஜூனில் ப்ளே ஸ்கூல் சேர்ந்த பிள்ளைகளுக்கு இது நாலாவது சளி, சிலருக்கு ஐந்தாவது. "மாசம் பூரா மூக்கு ஒழுகுது, எதிர்ப்புச் சக்தியே இல்ல போல" என்பதுதான் ஓ.பி. வரிசை முழுக்க ஒரே பேச்சு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்று முதல் மூன்று வயதுக்குள் வருஷத்துக்கு 8 சளி வருவது சாதாரணம். பத்துப் பிள்ளைகளோடு உருண்டு விளையாடத் தொடங்கிய முதல் வருஷம் 10, 12 என்று ஏறும். ஒரு சளி அடங்க 10 நாள். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். பத்துச் சளிக்கே நூறு நாள் ஆகிவிட்டது. அதில் பெரும்பங்கு மழையிலும் பனியிலும் வந்து விழுவதால், அக்டோபரிலிருந்து பொங்கல் வரை ஒரே நோய் நீள்வதுபோலத் தெரிகிறது.

ஒரே நோயா, அடுத்தடுத்து வந்த வேறு வேறு நோயா என்பதை ஞாபகத்தை வைத்துச் சொல்ல முடியாது. பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நாளுக்கு ஒரு வரி: தேதி, அதிகபட்சச் சூடும் அது இருந்த நேரமும், கொடுத்த மருந்தின் பெயரும் மி.லி. அளவும், எத்தனை முறை சிறுநீர் போனது. மாதம் ஒருமுறை எடை, அதே தராசில், ஜட்டியோடு மட்டும். இன்னொரு வரி எல்லோரும் விட்டுவிடுவது: நோய் இல்லாத நாள். "14ஆம் தேதி முழுக்க நன்றாக இருந்தான், ஓடினான், சாப்பிட்டான்" என்ற வரி பிறகு தேவைப்படும். டிசம்பரில் அதற்கு வருவோம்.

அக்டோபர் 9

இருமல் டானிக் பற்றி இந்த வாரம் எல்லா வீட்டிலும் பயம். மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகள் இறந்ததும், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததும் செய்தியில் வந்துவிட்டன. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, ஐந்துக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 3ஆம் தேதி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நஞ்சு கலக்காத நல்ல டானிக்கும் இந்த வயதில் சளியை ஒரு நாள்கூடக் குறைப்பதில்லை. தூங்க வைக்கும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது மூக்கில். மெடிக்கலில் கிடைக்கும் உப்புநீர் சொட்டு மருந்து, ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு மூன்று சொட்டு, சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் பத்து நிமிஷம் முன்னால். மூக்கடைத்த பிள்ளைக்குக் குடிக்கவும் மூச்சு விடவும் ஒரே வாய்தான். சாப்பிட மறுப்பதில் பாதி இதனால்தான். ஒரு வயது தாண்டியிருந்தால் இரவு படுக்குமுன் அரை டீஸ்பூன் தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது பாட்டிமார் வழக்கம். கற்பூரம் கொஞ்சம் வாய்க்குள் போனாலே இந்த வயதில் வலிப்பு வரும். பிள்ளை நெஞ்சைத் தடவிய கையை வாயில்தான் வைக்கும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது அதைவிட மோசம். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கித் தங்கிவிடும். கொதிக்கும் பாத்திரத்தின் முன் ஆவி பிடிக்க வைத்து வெந்துபோய் வரும் பிள்ளைகளும் உண்டு.

அக்டோபர் 15

காய்ச்சல் மருந்து. தப்பு அதிகம் நடப்பது இங்கேதான்.

பாராசிட்டமால் அளவு எடையை வைத்து; வயதை வைத்து அல்ல. கிலோவுக்கு 15 மி.கி. பத்துக் கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. அது எத்தனை மி.லி. என்பது பாட்டிலைப் பொறுத்தது. 5 மி.லி.யில் 120 மி.கி. என்று போட்ட சிரப் என்றால் 6 மி.லி. அதே அட்டைப்பெட்டி நிறத்தில் 5 மி.லி.யில் 250 மி.கி. சிரப்பும் இருக்கிறது, அதில் 3 மி.லி. போதும். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி.; அதில் ஒன்றரை மி.லி. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 6 மி.லி. ஊற்றினால் நாலு வேளை மருந்து ஒரே வேளையில் உள்ளே போய்விடும். அதனால் பாட்டில் வாங்கியதும் இந்தக் கணக்கைப் போட்டு, மூடியிலேயே பேனாவால் "3 மி.லி." என்று எழுதி வைக்க வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு லேபிளில் உள்ள பொடி எழுத்து யாருக்கும் தெரியாது.

அளக்க ஊசியில்லாத சிரிஞ்ச். வீட்டு டீஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு அளவு. பாலாடையில் பாதி மருந்து அடியில் ஒட்டிக்கொள்ளும். சிரிஞ்ச் முனை கன்னத்தின் உட்பக்கம் இருக்கட்டும், நேரே தொண்டைக்குள் வேண்டாம்.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நாலு வேளைக்கு மேல் இல்லை. கொடுத்த கால் மணிக்குள் மொத்தமாக வாந்தி எடுத்தால் ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு என்றால் காத்திருக்க வேண்டும். ஆசனவாயில் வைக்கும் மருந்தும் பாராசிட்டமால்தான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்பா ஒரு வேளை, ஆயா ஒரு வேளை என்று தெரியாமல் கொடுத்துவிடுவதைத் தடுக்க நோட்டில் மணியைக் குறிப்பதைவிட நல்ல வழி கிடையாது.

மருந்தின் வேலை சூட்டை 98.6க்கு இறக்குவது அல்ல. 101 இருந்தும் பிள்ளை விளையாடினால் கொடுக்காமலே விடலாம். 100லும் சுருண்டு கிடந்தால் கொடுக்க வேண்டும். அந்தச் சுருட்டலைத்தான் டாக்டரிடமும் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 21

தீபாவளிக்கு மறுநாள். எதிர்பார்த்தபடியே மூச்சு இழுப்பு (வீசிங்).

முதலில் மூச்சை எண்ணப் பழகிக்கொள்ளுங்கள். சட்டையைத் தூக்கி, பிள்ளை அழாமல் இருக்கும்போது அல்லது தூங்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கினால் சரிவராது. இந்த வயதில் மூச்சு சீராக ஓடாது. ஒரு வயதிலிருந்து ஐந்து வரை 40ஐத் தொட்டால் வேகமூச்சு. கீழ் விலா எலும்புக்கடியில் சதை ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்தால், எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. குடிக்க முடியாமல் திணறினாலும் அப்படியே.

டாக்டர் பம்ப் (இன்ஹேலர்) எழுதித் தந்திருந்தால் கூடவே ஸ்பேசரும் (பம்புக்கும் முகமூடிக்கும் நடுவில் வரும் பிளாஸ்டிக் குழாய்) முகமூடியும் வேண்டும். "பம்ப் வச்சா பழகிடும், சிரப்பே குடுங்க" என்பது தினமும் கேட்கிற பேச்சு. சிரப் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது, கை நடுங்கும், பிள்ளை தூங்காது. பம்பில் போவது அதில் மிகச் சிறிய அளவு, நேரே மூச்சுக்குழாய்க்கு.

வைக்கும் விதம்: பிள்ளையை மடியில் முதுகு உங்கள் நெஞ்சில் சாய உட்கார வையுங்கள். பம்பை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் செருக வேண்டும். முகமூடி மூக்கையும் வாயையும் சேர்த்து மூட வேண்டும், கன்னத்தோரம் இடைவெளி இருந்தால் மருந்து அந்த வழியாகவே போய்விடும். ஒரே ஒரு அழுத்து. ஸ்பேசரின் வால்வு திறந்து மூடுவது கண்ணுக்குத் தெரியும். ஆறு தடவை அசைந்தபின் எடுக்கலாம். அடுத்த அழுத்துக்கு அரை நிமிஷம் பொறுத்து, மறுபடி குலுக்கி, முதலிலிருந்து. இரண்டு அழுத்தையும் சேர்த்து அழுத்தினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுவரில் படிந்துவிடும். அழுகிற பிள்ளைக்கு வைப்பதில் பெரும்பகுதி தொண்டையோடு நின்றுவிடும். நோய் இல்லாத நாளில் முகமூடியை பொம்மைக்கு வைத்து விளையாடக் கொடுத்தால் இந்தச் சண்டை பாதி குறையும்.

ஸ்பேசரை வாரம் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் முக்கி எடுத்துத் துடைக்காமல் காயவிட வேண்டும். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறும், மருந்து அதிலேயே ஒட்டும். புது ஸ்பேசரையும் இப்படிக் கழுவித்தான் தொடங்க வேண்டும்.

இழுப்பு உள்ள வீட்டில் குளித்த தலைக்குச் சாம்பிராணி வேண்டாம். கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம், வலை கட்டுங்கள்.

நவம்பர் 3

காய்ச்சலில் வலிப்பு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, நூறு பிள்ளைகளில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு வருகிறது. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, வாயில் கரண்டி விடுவது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, மணியைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானே நின்றுவிடும். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. முதல் தடவை என்றால் நின்றபிறகும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். இன்னொருவர் போனில் படம் எடுத்து வைத்தால் டாக்டருக்கு அது பத்துப் பக்க விவரிப்புக்குச் சமம்.

நவம்பர் 12

டெங்கு மாதம். காய்ச்சல் விட்டதும் வீடு நிம்மதியாகிவிடும். ஆபத்து தொடங்குவது அப்போதுதான். நோட்டில் காய்ச்சலின் முதல் நாளை வட்டமிட்டு வையுங்கள். மூன்றிலிருந்து ஏழாம் நாள் வரை, முக்கியமாகச் சூடு இறங்கிய அடுத்த இரண்டு நாள், கண் அகலக் கூடாது. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் ஜில்லிடுவது, ஆறு மணி நேரமாக டயப்பர் நனையாதது, வழக்கமில்லாத தூக்கம். இதில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

எல்லோரும் தட்டணு எண்ணிக்கையையே கேட்கிறார்கள். ரிப்போர்ட்டில் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்று பாருங்கள். அது ஏறுவது ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது என்பதற்கு அடையாளம், பிள்ளையைச் சாய்ப்பது அதுதான். டெங்கு சந்தேகம் இருக்கும்வரை ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் சேர்ந்த சிரப் கூடாது. பாராசிட்டமால் மட்டும். கஞ்சி, மோர், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கட்டும்.

நவம்பர் 14

வாய்ப்புண், உள்ளங்கை உள்ளங்காலில் கொப்புளம். இதைத் தக்காளிக் காய்ச்சல் என்று வாட்ஸ்அப் பயமுறுத்துகிறது. தக்காளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கை கால் வாய் நோய். ஆறிய தயிர்சாதம், குளிர்ந்த பால் இறங்கும். ரசமும் ஆரஞ்சும் எரியும். வாரத்தில் சரியாகும். மாதம் கழித்து நகம் உரிந்தால் பயப்பட வேண்டாம், கீழிருந்து புதுசு வளரும்.

டிசம்பர் 2

பேதி. உப்புச் சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பாக்கெட்டில் 'ஒரு லிட்டருக்கு' என்று இருந்தால் முழுப் பாக்கெட்டும் ஒரு லிட்டருக்குத்தான். பாதியை அரை லிட்டரில் கலக்கினால் பொடியில் உப்பு எந்தப் பாதியில் போனது என்று தெரியாது. 200 மி.லி. சின்னப் பாக்கெட் வாங்குவது உத்தமம். கலக்கியபின் கொதிக்க வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ருசிக்காகச் சர்க்கரை சேர்த்தால் குடல் இன்னும் தண்ணீரை இழுத்துப் பேதி கூடும். டெட்ரா பாக்கெட்டில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்ற இனிப்புப் பானங்களின் சிக்கலும் இதுதான். அந்தப் பெயரை அவற்றில் போடக் கூடாது என்று அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மி.லி.; அதற்கு மேல் 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, ஒரு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். டம்ளரோடு கொடுத்தால் திரும்ப வெளியே வரும். சிங்க் மாத்திரை 20 மி.கி., ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, 14 நாள். மூன்றாம் நாள் பேதி நின்றதும் நிறுத்திவிடுவார்கள். மிச்சப் பதினோரு நாள் குடல் தேறுவதற்கும் அடுத்த பேதியைத் தள்ளிப்போடுவதற்கும்.

டிசம்பர் 18

'பிரைமரி காம்ப்ளக்ஸ்'. நம் ஊரில் அடிக்கடி சளி பிடிக்கிற, ஒல்லியான, சாப்பிடாத பிள்ளை எல்லாவற்றுக்கும் யாராவது இந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். இது காசநோய்க் கிருமியின் முதல் தொற்று. உண்மையாக இருந்தால் ஆறு மாதம் மருந்து விடாமல் தர வேண்டும். இல்லாதபோது கொடுத்தால் ஆறு மாதம் கல்லீரலுக்குத் தேவையில்லாத சுமை.

இப்போது நோட்டை எடுங்கள். காசநோய் என்றால் இருமலோ காய்ச்சலோ இரண்டு வாரத்துக்கு மேல் நடுவில் ஒரு நல்ல நாளும் இல்லாமல் ஓடும், எடை இறங்கும் அல்லது மூன்று மாதமாக அப்படியே நிற்கும். வீட்டில், பக்கத்தில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்பதும் முக்கியம். நல்ல நாள் வரிகள் நோட்டில் இருந்து, எடையும் ஏறியிருந்தால் பெரும்பாலும் அது தனித்தனிச் சளிதான். சளிக்குப் பின் கழுத்தில் பட்டாணி அளவு நெறிகட்டுவதும் சகஜம்.

சந்தேகம் நிஜமாக இருந்தால் கையில் மான்டூ ஊசி போட்டு, 48லிருந்து 72 மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும். சிவப்பை அல்ல, விரலுக்குத் தட்டுப்படும் தடிப்பை, ஸ்கேல் வைத்து. 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் தொற்று என்று கணக்கு. கூடவே எக்ஸ்ரே. இந்த வயதில் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் விடிகாலை வெறும் வயிற்றில் டியூப் வழியே எடுத்த இரைப்பை நீரில் கிருமி தேடுவார்கள். அரசு மருத்துவமனையில் இவை இலவசம். எதுவும் பார்க்காமல் "கொடுத்துப் பார்க்கலாம்" என்றால் இன்னொரு டாக்டரைக் கேளுங்கள்.

உண்மையிலேயே எதிர்ப்புச் சக்தியைச் சோதிக்க வேண்டிய பிள்ளை வேறு மாதிரி: வருஷத்தில் இரண்டு நிமோனியா, திரும்பத் திரும்ப ஆழமான சீழ்க்கட்டி, மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் அடங்காத தொற்று, ஏறாத எடை. பெற்றோர் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஜனவரி 8, 2026

சாப்பிடாத பிள்ளைக்கு மூன்று பாட்டில் பால். ஒவ்வொன்றும் 250 மி.லி. வயிறு நிரம்பியபின் சோறு எங்கே இறங்கும்? பாலில் இரும்புச்சத்து இல்லாத குறை. ரத்தம் வெளுத்த பிள்ளை சோர்ந்து கிடக்கும், பசியும் எடுக்காது. நாளுக்கு 500 மி.லி.க்குள் நிறுத்தி, பாட்டிலை எடுத்துவிட்டு டம்ளரில் கொடுங்கள். முதல் மூன்று நாள் ரகளை, நாலாம் நாள் இட்லி இறங்கும்.

அங்கன்வாடியில் தருகிற இரும்புச்சத்து சிரப் வாரம் இருமுறை 1 மி.லி. பாலோடு கலக்காமல், முடிந்தால் ஒரு துளி எலுமிச்சையோடு. மலம் கறுக்கும், பயமில்லை. காய்ச்சல், பேதி நாட்களில் நிறுத்தி வைத்துப் பிறகு தொடரலாம்.

பிப்ரவரி 9

குடற்புழு மாத்திரை வாரம். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்கு அல்பெண்டசோல் அரை மாத்திரை, 200 மி.கி.; இரண்டு முடிந்தால் முழுசு. மாத்திரையை அப்படியே வாயில் போட்டால் புரையேறும். இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கி, ஸ்பூன் தண்ணீரில் குழைத்துக் கொடுக்க வேண்டும், அழும்போது வேண்டாம். அன்று காய்ச்சலாக இருந்தால் விட்டுவிடுங்கள். விடுபட்டவர்களுக்கு அடுத்த வாரம் இன்னொரு நாள் வைப்பார்கள். கொடுத்த தேதியை நோட்டில் எழுதுங்கள், அடுத்தது ஆகஸ்டில்.