எஞ்சின் நின்னா எங்க இறக்குவாங்க?

2025 நவம்பர் 13 மத்தியானம் எங்க ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல ஒரே வீடியோவ நாலு பேரு போட்டாங்க. புதுக்கோட்டை பக்கம் திருச்சி ரோட்டுல ஒரு சின்ன ட்ரெயினிங் ப்ளேன் நடுரோட்டுல இறங்கி நிக்குது, சுத்தி ஜனங்க, உள்ள இருந்த ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல. அதப் பத்தி பேசி முடிக்கல, மறுநாளே நம்ம திருப்போரூர் பக்கத்துல விமானப்படையோட பிலாட்டஸ் ட்ரெயினர் ஒண்ணு விழுந்துடுச்சு, பைலட்ட சீட்டோட வெளிய தூக்கிப் போடற ஏற்பாடு அதுல இருக்கறதால அவரு உயிரோட வந்துட்டாரு. குரூப்ல எல்லாரும் கும்பிடற எமோஜி போட்டுட்டு அடுத்த விஷயத்துக்கு போயிட்டாங்க. என் சித்தப்பா மட்டும் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாரு, "ரெண்டும் வெட்டவெளிய ஒட்டி நடந்துருக்கு பாப்பா, அந்த எடம் நம்ம ஊருல எங்க இருக்கு சொல்லு"ன்னு. அன்னிலேர்ந்து இது என் மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு.

சித்தப்பா சென்னை மீனம்பாக்கம் ஏர்போர்ட்ல சின்ன ப்ளேன் நிக்கிற ஹேங்கர்ல 22 வருஷம் மெக்கானிக். நாங்க இருக்கறது பொழிச்சலூர், மொட்டை மாடில நின்னா ப்ளேனோட வயிறு தெரியும், சக்கரம் உள்ள மடங்கறது கூட தெரியும். சின்ன வயசுல எனக்கு ஒரே பயம், எஞ்சின் நின்னுட்டா அப்படியே கல்லு மாதிரி நம்ம வீட்டு மேல விழுந்துடுமேன்னு. ஒரு நாள் பீச்சுக்கு போற எலக்ட்ரிக் ட்ரெயின்ல திரிசூலம் தாண்டும்போது சித்தப்பா என் கைய ஜன்னலுக்கு வெளிய நீட்ட சொன்னாரு. உள்ளங்கைய தரையப் பாத்து தட்டையா வெச்சு முன் பக்கத்த லேசா தூக்குன்னாரு, கை தானா மேல போச்சு. இன்னும் தூக்கு இன்னும் தூக்குன்னாரு, ஒரு கட்டத்துல கை படபடன்னு ஆடி பின்னாடி சாஞ்சு தொப்புன்னு எறங்கிடுச்சு. "இவ்வளவுதான் பாப்பா, எஞ்சின் நின்னா ப்ளேன் விழாது, எறங்கும். மூக்க ரொம்ப தூக்கி வேகத்த விட்டாதான் விழும்"னு சொன்னாரு. அப்படி தூக்கற சக்தி போய் தொப்புன்னு எறங்கறதுக்கு ஸ்டால்னு பேருன்னு பின்னாடி தெரிஞ்சுது.

கணக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. ட்ரெயினிங்ல அதிகமா ஓட்டற செஸ்னா 172, எஞ்சின் இல்லாம ஒரு அடி கீழ வர்றதுக்குள்ள சுமாரா 9 அடி முன்னால போகும். 1000 அடி உயரத்துல நின்னுச்சுன்னா ரெண்டரை கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல, அதுவும் காத்து ஒத்துழைச்சா. கையில இருக்கற நேரம் ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனா ஒண்ணேகால். அதுக்குள்ள 68 நாட், அதாவது மணிக்கு சுமார் 126 கிலோமீட்டர் வேகத்துல மூக்க புடிச்சு வெச்சுக்கணும், எடம் பாக்கணும், பெட்ரோல் வால்வ பாக்கணும், எஞ்சினுக்கு தீப்பொறி குடுக்கற ரெண்டு மேக்னெட்டோவையும் மாத்திப் பாக்கணும், கார்புரேட்டர் மாடலா இருந்தா ஐஸ் பிடிச்சிருக்கான்னு ஹீட்ட இழுத்து விடணும், ரேடியோல ஆபத்துன்னு சொல்ற வார்த்தையான மேடேவ சொல்லணும். எஞ்சின் வரவே வராதுன்னு ஆயிட்டா பெட்ரோல அடைச்சு, கரண்ட்ட ஆஃப் பண்ணி, தரைய தொடறதுக்கு முன்னாடியே கதவ லேசா திறந்து வெச்சிடணும், ஏன்னா அடி பட்டு ஃப்ரேம் வளைஞ்சா கதவு சிக்கிக்கும், உயிரோட இருந்தும் வெளிய வர முடியாது. இந்தக் கதவு விஷயத்த மட்டும் சித்தப்பா ஒவ்வொரு தடவையும் சொல்லுவாரு.

கிளம்பின உடனே நிக்கறதுதான் ரொம்ப மோசம். 400, 500 அடிதான் ஏறியிருப்பாங்க, ரன்வே முதுகுக்கு பின்னாடியே இருக்கும், மனசு திரும்பு திரும்புன்னு அடிச்சுக்கும். ஆனா திரும்பி அதே ரன்வேக்கு நேரா வரணும்னா அரை வட்டம் பத்தாது, அதுக்கும் மேல சுத்தி மறுபடி நேர் பண்ணணும், சாய்ச்சு திருப்பத் திருப்ப உயரமும் போகும், ஸ்டால் ஆகற வேகமும் ஏறிடும். 45 டிகிரி சாய்ச்சா அந்த வேகம் சுமார் 20 சதவீதம் கூடும். அதனாலதான் திரும்பாத, மூக்குக்கு முன்னாடி இருக்கறதுல நல்லத பொறுக்குன்னு முதல்லயே சொல்லிக் குடுக்கறாங்க. முழு கன்ட்ரோலோட மெதுவா போய் ஒரு புதர்ல மோதினா கூட பொழைக்க வழி இருக்கு, வேகம் பாதியானா அடி கால்வாசிதான். ரெண்டு மரத்துக்கு நடுவுல ப்ளேனோட உடம்ப நுழைய விட்டு ரெக்கை ரெண்டையும் பலி குடுக்கறதும் ஒரு வழி.

ஆனா மூக்குக்கு முன்னாடி என்ன இருக்குங்கறது பைலட் கையில இல்லையே.

நம்ம சென்னைய எடுத்துக்கோங்க. 1910-ல மவுண்ட் ரோட்டுல ஓட்டல் வெச்சிருந்த டி ஆஞ்செலிஸ் சிம்ப்சன் கம்பெனில ப்ளேன் செய்ய வெச்சு பறந்தப்போ பல்லாவரம் பக்கம் பூரா வெறும் மைதானம். இப்போ பம்மல், அனகாபுத்தூர், கொளப்பாக்கம், நங்கநல்லூர், ஆதம்பாக்கம்னு ரன்வேயோட எல்லா முனையிலயும் சுவத்தோட சுவரா வீடு. ரோட்டுல இறக்கலாமேன்னு தோணும், பழைய மகாபலிபுரம் ரோடு, அதான் ஓஎம்ஆர், அவ்வளவு அகலம்தானேன்னு. வண்டிய விடுங்க, மேல கம்பி ஓடுது, மெட்ரோ தூண் நிக்குது. கம்பி மேலேர்ந்து கண்ணுக்கே தெரியாதாம், கம்பத்த பாத்துதான் இங்க கம்பி இருக்கும்னு யூகிக்கணுமாம். ஏரில இறக்கலாம்னா இந்த ப்ளேனுக்கெல்லாம் சக்கரம் மடங்காது, தண்ணிய தொட்டதும் சக்கரம் மாட்டி தலைகுப்புற கவுந்துடலாம். அதுலயும் பல்லாவரம் பெரிய ஏரிய நடுவால ரோடு போட்டு ரெண்டா பிளந்தாச்சு.

மெரினா இருக்கே, கிலோமீட்டர் கணக்குல மணல்னு நானும் சொன்னேன். சித்தப்பா உடனே, சாயங்காலம் அங்க எத்தனை குழந்தைங்க விளையாடும்னு கேட்டாரு. அப்புறம்தான் தேடிப் படிச்சேன். 2017 ஆகஸ்ட் 2, போர்ச்சுகல்ல லிஸ்பன் பக்கத்துல ஒரு பீச்ல செஸ்னா 152 ஒண்ணு எஞ்சின் போய் இறங்குச்சு, உள்ள இருந்த ரெண்டு பேரும் கீறல் இல்லாம எறங்கி வந்தாங்க, மணல்ல இருந்த 8 வயசு பொண்ணும் 56 வயசுக்காரர் ஒருத்தரும் செத்துட்டாங்க. எஞ்சின் நின்ன ப்ளேன் பெருசா சத்தம் போடாது, பீச்ல அலை சத்தம் வேற, முதுகுக்கு பின்னாடி வர்றது யாருக்கு தெரியும். அத படிச்ச ராத்திரி எனக்கு சரியா தூக்கமே வரல.

2018 ஜூன் 28-ல மும்பை காட்கோபர்ல சோதனை ஓட்டம் பாக்க கிளம்பின கிங் ஏர் சி90-ங்கற சின்ன ப்ளேன், வீடுங்களுக்கு நடுவுல கட்டிட்டு இருந்த ஒரு கட்டடத்து பக்கத்துல விழுந்துச்சு. உள்ள இருந்த 4 பேரும், தெருவுல நடந்து போன ஒருத்தரும் செத்துட்டாங்க. அந்த அஞ்சாவது ஆளப் பத்திதான் நான் அதிகமா நினைக்கறேன், அவருக்கும் அந்த ப்ளேனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இதுக்கு நேர் எதிரா 2015 மார்ச்ல நடிகர் ஹாரிசன் ஃபோர்டு சான்டா மோனிகால கிளம்பின கொஞ்ச நேரத்துல எஞ்சின் போய், சுத்தி பூரா வீடு இருந்தும் பக்கத்துல இருந்த கோல்ஃப் மைதானத்துல இறக்கினாரு. பலமா அடி பட்டுச்சு, ஆனா உயிரோட இருக்காரு, கீழ யாருக்கும் ஒண்ணும் ஆகல. கார்புரேட்டருக்குள்ள ஒரு சின்ன பாகம் கழண்டதுதான் காரணம்னு விசாரணைல சொன்னாங்க. அந்தப் புல்வெளி ஊருக்கு நடுவுல காலியா இருந்துச்சு, அதான் விஷயம்.

சர்வதேச விதி ஒண்ணு இருக்கு, கிளம்பறதும் எறங்கறதும் தவிர மத்த நேரம் ஊருக்கு மேல பறந்தா 600 மீட்டருக்குள்ள இருக்கற ஒசந்த கட்டடத்துக்கு மேல குறைஞ்சது 1000 அடி இருக்கணும், ஏதாவது ஆச்சுன்னா கீழ இருக்கறவங்களுக்கு ஆபத்து இல்லாம எறங்கற உயரமாவும் இருக்கணும். நல்ல விதி. ஆனா ரெண்டரை கிலோமீட்டருக்குள்ள காலி எடமே இல்லாத ஊருல 1000 அடிய வெச்சு என்ன பண்றது? கிண்டி ரேஸ் கோர்ஸ், தீவுத்திடல், பள்ளிக்கரணைல மிச்சம் இருக்கற சதுப்பு நிலம், விரல் விட்டு எண்ணிடலாம். இத நான் பூங்கா வேணும்னு கேக்கற ஆசைல சொல்லல. தண்ணி வந்தாலும் அந்த எடம்தான் வாங்கிக்கும், ப்ளேன் வந்தாலும் அந்த எடம்தான் வாங்கிக்கும். 2015 வெள்ளத்துல அடையாறு ஏர்போர்ட்டுக்குள்ளயே வந்துச்சே, நாங்க கண்ணால பாத்தோம்.

சித்தப்பாக்கு இப்போ 71. போன ஞாயித்துக்கிழமை மாடிக்கு கூட்டிட்டு போனேன். காயப்போட்ட லுங்கி, புடவையெல்லாம் எந்தப் பக்கம் பறக்குதுன்னுதான் முதல்ல பாத்தாரு, கடக்காத்து கிழக்கேர்ந்து வருது, அப்போ கிழக்க பாத்துதான் இறக்கணும்னாரு. அப்புறம் வேலை பாத்த காலத்துல தினம் காலைல டேங்க் அடியிலிருந்து சின்ன கப்ல பெட்ரோல் பிடிச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாராம், அத செஞ்சு காட்டினாரு, கையில கப் இல்ல, ஆனா விரல் அப்படியே பிடிச்சிருந்துச்சு. அந்தப் பெட்ரோல் நீல கலரா இருக்கும், தண்ணி கலந்திருந்தா அடியில முத்து முத்தா நிறமில்லாம நிக்கும். "ஒரு முத்து இருந்தா கூட விட மாட்டேன் பாப்பா, மேல போறவனுக்காக மட்டும் இல்ல"ன்னு சொல்லிட்டு கீழ தெருவ பாத்தாரு.

எங்க தெரு கடைசில பசங்க கிரிக்கெட் ஆடற கிரவுண்டு ஒண்ணு இருக்கு, ப்ளேன் இறங்கற அளவுக்கெல்லாம் பெருசு இல்ல, ஆனா அதையும் அதுக்கு பின்னாடி ஆத்தங்கரை வரைக்கும் இருக்கற புறம்போக்கையும் சேத்தா ஒரு நீள வெளி. அங்க இப்போ எல்லைக்கல்லு நட ஆரம்பிச்சிருக்காங்க. அந்த எடத்த வெளியாவே விடணும்னு எழுதி கிராம சபைல குடுக்க ஒரு மனு ரெடி பண்ணியிருக்கோம், 43 கையெழுத்து ஆயிருக்கு, முதல் கையெழுத்து சித்தப்பாவோடது. பொழிச்சலூர், கவுல் பஜார் பக்கம் இருக்கறவங்க வந்து போட்டுட்டு போங்க, சாயங்காலம் 6 மணிக்கு மேல வீட்லதான் இருப்போம்.