மைல்ஸ் டேவிஸை எங்கிருந்து தொடங்குவது

கோயம்புத்தூரில் படிக்கும் என் அக்கா மகள் சென்ற மாதம் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "மாமா, மைல்ஸ் டேவிஸ் கேக்கலாம்னு இருக்கேன். எந்த ஆல்பத்துலேர்ந்து ஆரம்பிக்கட்டும்?" மைல்ஸ் டேவிஸ் அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர். பத்து ஆண்டுகளாகக் கர்நாடக வயலின் கற்கிற பெண் அவள், ஜாஸ் இசையை இதுவரை அவள் காதால் தொட்டதில்லை. ஒரு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விதான் என்றாலும், பதில் அனுப்ப எனக்கு இரண்டு நாட்கள் பிடித்தன. தவறான கதவைத் தட்டிவிட்டு ஏழு ஆண்டுகள் வெளியிலேயே நின்றவன் நான் என்பதே அதற்குக் காரணம்.

கல்லூரி விடுதியில் இருந்தபோது, உலக இசையெல்லாம் தெரிந்தவர் என்று நாங்கள் நம்பிய ஒரு மூத்த மாணவர், "கேட்டால் 'பிட்சஸ் ப்ரூ' கேட்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்" என்று சொல்லி இரண்டு குறுந்தகடுகளை என் கையில் திணித்தார். 1969 ஆகஸ்டில் மூன்று நாட்களில் பதிவு செய்யப்பட்டு 1970-ல் வெளிவந்த அந்த ஆல்பத்தின் முதல் பாட்டே இருபது நிமிடம் ஓடுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட டிரம்ஸ், ஒன்றுக்கு மேற்பட்ட மின்பியானோ, அடியில் எங்கோ முனகுகிற பேஸ் கிளாரினெட் என்று எல்லாம் ஒரே நேரத்தில் கொதிக்க, தயாரிப்பாளர் டியோ மசேரோ ஒலிநாடாவை வெட்டி ஒட்டி அதைக் கட்டமைத்திருந்தார். இதெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு எனக்குக் கேட்டதெல்லாம், கூட்டம் நிறைந்த பேருந்து நிலையத்தில் யாரோ நடுநடுவே ட்ரம்பெட் ஊதுகிற சத்தம்தான். மைல்ஸ் டேவிஸ் நமக்கானவர் அல்லர் என்று முடிவு கட்டிக் குறுந்தகடுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்று அது எனக்கு மிகப் பிடித்த ஆல்பங்களுள் ஒன்று. ஆனால் ஒரு மனிதர் எதையெல்லாம் உதறிவிட்டு அங்கே வந்து சேர்ந்தார் என்று தெரியாதவனுக்கு, அந்த உதறலின் துணிச்சல் எப்படிப் புரியும்?

அப்படியானால் ஆண்டு வரிசையில் போகலாமே என்று தோன்றும். மைல்ஸ் விஷயத்தில் அந்த வழியும் நேராக இல்லை. 'பர்த் ஆஃப் த கூல்' ஆல்பம் நாம் இன்று கேட்கிற வடிவில் 1957-ல்தான் வெளிவந்தது. அதில் இருப்பதோ 1949, 1950 ஆண்டுகளின் பதிவுகள். 1961-ல் வெளியான 'ஸ்டீமின்' 1956-ல் வாசித்தது. வெளியீட்டு ஆண்டை மட்டும் நம்பிக் கேட்பவர், 1959-ல் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தால் எல்லாவற்றையும் மாற்றிப் போட்ட கலைஞர் இரண்டே ஆண்டுகளில் ஏன் பழைய பாணிக்குத் திரும்பினார் என்று வீணாகக் குழம்புவார். 'சிறந்த பாடல்கள்' என்ற தொகுப்புகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றை வாங்கிக் கொடுப்பவர்கள் மீது எனக்கு மரியாதை குறைவு என்பதைத் தவிர.

யாரைக் கேட்டாலும் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்றுதான் சொல்வார்கள். 1959-ல் மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில் நியூயார்க்கில் பதிவு செய்யப்பட்ட அந்த ஆல்பத்தைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. அதிலும் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு அதன் முதல் பாட்டான 'ஸோ வாட்' ஒரு வியப்பையே வைத்திருக்கிறது. ஜாஸ்காரர்கள் டோரியன் என்று அழைக்கிற அந்தச் சுர வரிசை நம் கரகரப்பிரியாவின் சுரங்களேதான். நான்கு எண்ணிக்கை கொண்ட ஆவர்த்தனமாகக் கணக்கிட்டால், பதினாறு ஆவர்த்தனம் இரண்டு கட்டை சுருதியில் ஓடும். பிறகு அதே சுரங்களை அப்படியே தூக்கிக்கொண்டு இரண்டரைக் கட்டைக்கு ஏறி எட்டு ஆவர்த்தனம். மறுபடி இறங்கி எட்டு. இந்த முப்பத்திரண்டும் திரும்பத் திரும்ப வருவதுதான் பாட்டின் முழு எலும்புக்கூடு. ஆதார சுருதியே நடுவில் அரைக் கட்டை நகர்வது நமக்குக் காலடியில் தரை விலகியது போல இருக்கும். சுரங்களை அசைத்து வாசிக்கும் கமகம் இல்லாததால் அது கரகரப்பிரியா ராகம் ஆகிவிடாது. ஆனாலும் நிமிடத்துக்குப் பல முறை 'கார்டு' என்ற சுரக் கொத்து மாறிக்கொண்டிருந்த இசையிலிருந்து வந்தவர்கள், ஒரே சுர வரிசையில் நின்று நிதானமாக மனோதர்மம் செய்தால் என்ன என்று கேட்டுப் பார்த்தது நமக்கு உடனே பிடிபடும்.

இவ்வளவு சொல்லிவிட்டு அதை முதலில் கொடுக்க மாட்டேன் என்பது முரண்பாடாகத் தெரியலாம். அந்த ஆல்பம் அளவுக்கு மீறி வழவழப்பானது என்பதுதான் என் தயக்கம். அதைப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவலாம், பாடம் படிக்கலாம், தூங்கலாம்; அது கோபித்துக்கொள்ளாது. இரண்டாம் முறை நான் மைல்ஸிடம் வந்தபோது அதைத்தான் வாங்கினேன். ஒரு வருடம் வீட்டில் அது ஊதுபத்தி மணம் போலப் பரவிக்கொண்டிருந்தது. ஒரு நாளும் உட்கார்ந்து கேட்கவில்லை. முதல் ஆல்பத்தில் அந்தக் கலைஞர் எங்கே தயங்குகிறார், எதை வேண்டாம் என்கிறார், கூட இருப்பவர்களிடம் எப்படி வேலை வாங்குகிறார் என்பது காதில் விழ வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

அதனால் நான் அவளுக்கு அனுப்பியது 'ரிலாக்சின்'. இதற்கு ஒரு பின்கதை உண்டு. 1955-ல் கொலம்பியா நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்ட மைல்ஸ், அதற்கு முன் இருந்த பிரஸ்டீஜ் நிறுவனத்துக்கு இன்னும் சில ஆல்பங்கள் கடன்பட்டிருந்தார். கடனைக் கழிக்க, 1956-ல் மே 11, அக்டோபர் 26 ஆகிய இரண்டு நாட்கள் தன் ஐவர் குழுவை அழைத்துக்கொண்டு போய், அரங்குகளில் இரவுதோறும் வாசித்துவந்த பாட்டுகளைப் பெரும்பாலும் ஒரே வீச்சில் வாசித்து முடித்தார். அதிலிருந்து பிரஸ்டீஜ் நான்கு ஆல்பங்களை ஒவ்வொன்றாக 1961 வரை வெளியிட்டுக்கொண்டிருந்தது. பதிவு நடந்த இடம் நியூ ஜெர்சியின் ஹாக்கென்சாக்கில், பகலில் கண் பரிசோதகராக இருந்த ரூடி வான் கெல்டர் என்பவருடைய பெற்றோர் வீட்டு வரவேற்பறை.

ஆல்பம் இசையில் தொடங்குவதில்லை. கரகரத்த ஒரு குரலில் தொடங்குகிறது. முதலில் வாசித்துவிடுகிறேன், என்ன பாட்டு என்று பிறகு சொல்கிறேன் என்கிறார் மைல்ஸ். உடனே ரெட் கார்லண்டின் பியானோ மணிக்கூண்டு அடிப்பது போல ஒலிக்க, 'இஃப் ஐ வேர் எ பெல்' என்ற அந்தப் பாட்டு கிளம்புகிறது. அடுத்த பாட்டில் இன்னும் அழகான ஒரு விபத்து இருக்கிறது. கார்லண்ட் ஒற்றைச் சுரங்களாக முகப்பு வாசிக்கத் தொடங்க, மைல்ஸ் சீட்டியடித்து நிறுத்துகிறார், சுரங்களைக் கொத்தாகச் சேர்த்து வாசிக்கச் சொல்கிறார், வான் கெல்டரிடமும் ஒரு வார்த்தை, மறுபடி தொடக்கம். கொத்துச் சுரங்களின் அந்த மெத்தைமேல் ட்ரம்பெட் வந்து அமரும்போது, அவர் ஏன் நிறுத்தினார் என்பது விளக்கமில்லாமலே விளங்கிவிடுகிறது. ஒரு கலைஞரின் ரசனை நம் கண்ணெதிரே முடிவெடுப்பதை இவ்வளவு அருகிலிருந்து கேட்கக் கிடைப்பது அரிது. நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற ஆல்பம் என்பதும் புதியவர்களுக்கு வசதி. தவிர, இதில் சாக்ஸபோன் வாசிக்கும் ஜான் கோல்ட்ரேனும் பேஸ் வாசிக்கும் பால் சேம்பர்ஸும் மூன்றே ஆண்டுகளில் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'விலும் வருகிறார்கள். இதைக் கேட்டுவிட்டு அதற்குப் போனால், அங்கே நிலவும் அமைதி எதைத் துறந்து கிடைத்தது என்பது தெரியும்.

அவள் வயலினுக்குப் பதில் மிருதங்கமோ கடமோ கற்றுக்கொண்டிருந்தால் வேறு வழி சொல்லியிருப்பேன். விக்கு விநாயக்ராமின் கடத்துக்காக, இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த 'சக்தி' குழுவைக் கேட்டவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அந்தக் குழுவின் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1969-ல், மைல்ஸின் 'இன் எ சைலண்ட் வே' ஆல்பத்தில் வாசித்தவர். அவர் விரலைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விடலாம்.

மறுநாள் இரவு பதில் வந்தது. "ரெண்டாவது பாட்டுல விசில் அடிச்சு நிறுத்துறாரே, எங்க வயலின் சார் மாதிரியே இருக்கார் மாமா. அடுத்தது என்ன?"

'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்று எழுதினேன். ஒலிநாடா இயந்திரத்தின் வேகக் கோளாறால் அதன் முதல் பக்கப் பாட்டுகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சற்றே ஏறிய சுருதியில்தான் விற்பனையாகிவந்தன. 1990-களின் மறுபதிப்புகளில்தான் அது சரிசெய்யப்பட்டது. ஆகவே திருத்திய பதிப்பாகப் பார்த்து எடுத்துக்கொள், வயலினை இரண்டு கட்டைக்குச் சுருதி சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார் என்றும் சேர்த்து எழுதினேன்.