விண்வெளிப் பால்வெட்டுக்காரி, 1:18: சுங்கை சிப்புட் மேசைக் குறிப்புகள்

1 நவம்பர் 2025, சனி

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் ஊரில், பழைய பொம்மைகளின் பாகங்களைக் கொண்டு ஒரு புதிய பொம்மை செய்யும் வேலை இன்று தொடக்கம். வேறொரு கோளின் ரப்பர் தோட்டத்தில் விடியலுக்கு முன் பால் வெட்டப் போகும் பெண். நெற்றியில் விளக்கு, மூச்சுக் குழாய், தோளில் காண்டாக் கம்பு (இரு முனையிலும் வாளி தொங்கும் காவடித் தடி), இரண்டு வாளி. உயரம் மூன்றே முக்கால் அங்குலம், அதாவது 95 மி.மீ.

இந்த அளவைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஜப்பானின் தகாரா நிறுவனம் 1974-இல் வெளியிட்ட மைக்ரோமேன் பொம்மைகள், அதையே 1976-இல் அமெரிக்காவில் மீகோ விற்ற மைக்ரோநாட்ஸ், 1978-இல் கென்னரின் ஸ்டார் வார்ஸ், 1982-இல் ஹாஸ்புரோவின் ஜி.ஐ. ஜோ எல்லாமே ஏறத்தாழ இதே உயரம். ஐம்பது வருடப் பொம்மைகளின் கைகால்களை ஒன்றோடொன்று மாற்றிப் பார்க்கலாம்.

பொருள்களின் அளவுக்கு ஒரே கணக்குத்தான்: நிஜ அளவை 18-ஆல் வகு. ஒன்றரை மீட்டர் காண்டாக் கம்பு 83 மி.மீ. ஆகிறது. 30 செ.மீ. வாளி 17 மி.மீ., 10 செ.மீ. வாயுள்ள மங்கு (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்) ஐந்தரை மி.மீ. கண்ணளவில் செய்தால் வாளி எப்போதும் பெரிதாகிவிடும், பொம்மை குழந்தைபோல் தெரியும்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஐந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒன்றாக மூன்று உடைந்த பொம்மைகள் கிடைத்தன. பசையோ நிறமோ படுமுன் எது எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். இரண்டு கண்ணாடி டம்ளர் போதும். முதலாவதில் வெறும் தண்ணீர். அதில் மிதப்பது பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். அதில் பசையும் ஒட்டாது, நிறமும் நிற்காது, ஒதுக்கிவிடலாம். இரண்டாவதில் 200 மி.லி. தண்ணீருக்கு 70 கிராம் உப்பு, முழுக்கக் கரையும்வரை கலக்கி. வெறும் தண்ணீரில் மூழ்கி இதில் மிதப்பது ஏபிஎஸ் அல்லது ஸ்டைரீன். இரண்டிலும் மூழ்குவது பிவிசி அல்லது அசிட்டால். இவ்விரண்டில் நகம் பதிந்து வளைவது பிவிசி, சோப்புபோல் வழுக்கும் கெட்டித் துண்டு அசிட்டால். தலை, மார்பு போன்ற பொள்ளல் பாகங்களுக்குள் காற்று தங்கி முடிவைக் கெடுக்கும். தண்ணீருக்குள்ளேயே திருப்பித் தட்டிக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும்.

இன்றைய முடிவு: உடலும் கால்களும் ஏபிஎஸ், தலையும் கைகளும் பிவிசி, முழங்கால் ஆணி அசிட்டால்.

2 நவம்பர், ஞாயிறு

முதுகுத் திருகாணி துருவேறி அசையவில்லை. இந்த ஊர் ஈரத்தில் பழைய பொம்மைகள் பெரும்பாலும் இப்படித்தான். பலம் போட்டால் தலை வழுக்கி வட்டமாகிவிடும். சூடான சால்டரிங் இரும்பின் முனையைத் திருகாணித் தலையில் ஐந்து விநாடி வைத்து எடுத்ததும், சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகிப் பிடி விட்டது. அதற்கு மேல் வைத்தால் துளையே உருகிவிடும்.

உள்ளே இடுப்பையும் மார்பையும் இழுத்துப் பிடிக்கும் கறுப்பு வளையம் இரண்டாக அறுந்திருந்தது. ரப்பர் ஊரில் ரப்பர் பேண்டுக்குப் பஞ்சமில்லை என்று அதையே மாட்டுகிறார்கள். அது நெடுநாள் தாங்காது. இயற்கை ரப்பரை இழுத்த நிலையிலேயே வைத்தால் காற்றில் உள்ள ஓசோன் அதன் மேற்பரப்பைத் தாக்கும். இழுவைக்குக் குறுக்கே நுண்ணிய வெடிப்புகள் விழும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் வளையம் எண்ணெய்க்குத் தாங்கும், ஓசோனுக்கு அதுவும் பலவீனம்தான். நல்லது இபிடிஎம் என்ற இன்னொரு செயற்கை ரப்பர் வளையம், குழாய்ச் சாமான் கடையில் கேட்டு வாங்கலாம். பழைய வளையத்தை அளந்து வாங்கக் கூடாது, அது நீண்டு போயிருக்கும். கால் கொக்கியிலிருந்து மார்பின் குறுக்குக் கட்டை வரை அளந்து, சற்று இறுக்கமாகவே வாங்க வேண்டும். உட்கார வைத்து விட்டதும் கால் தானே மேலே இடுப்போடு ஒட்டினால் சரி. தொங்கினால் வளையம் பெரிது.

4 நவம்பர், செவ்வாய்

தலை மாற்றம். பிவிசி தலையைக் கொதி அடங்கிய வெந்நீரில் ஒன்றரை நிமிடம் போட்டு, துணியால் பிடித்து ஆட்டி ஆட்டி எடுத்தால் கழன்றுவிடும். சூடு காட்டாமல் இழுத்தால் ஏபிஎஸ் கழுத்து முளை முறியும். முன்பே முறிந்திருந்தால் இரண்டு பக்கமும் 1 மி.மீ. துளை, ஒவ்வொன்றிலும் 4 மி.மீ. ஆழம், நடுவே பித்தளைக் கம்பி. முறிந்த முகங்களை வெறும் பசையால் ஒட்டினால் முதல் திருப்பலிலேயே விடும்.

புதிய தலையின் குழி 4.5 மி.மீ., கழுத்துப் பந்து 4. இந்த அரை மி.மீ. இடைவெளியைச் சூப்பர் குளூவால் நிரப்பலாம். பந்தின் மேல் மெல்லிய பூச்சு, முழுக்கக் காயவிட்டு அடுத்த பூச்சு, இப்படி நான்கைந்து தடவை. பசை அரைகுறையாகக் காய்ந்த நிலையில் தலையை மாட்டினால் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பசை காற்றின் ஈரத்தால்தான் இறுகும். அதனால் இங்கே கண் இமைப்பதற்குள் பிடிக்கும், சுற்றிலும் வெள்ளைப் படலமும் படியும். துளி குறைந்தால் படலமும் குறையும், மின்விசிறிக் காற்று இன்னும் குறைக்கும். குளிர்பெட்டியில் வைத்த குப்பியை அறைச் சூட்டுக்கு வந்த பின்தான் திறக்க வேண்டும். உடனே திறந்தால் உள்ளே நீர் வியர்த்து குப்பியே கட்டியாகிவிடும்.

7 நவம்பர், வெள்ளி

சாமான்கள். இந்த நாளுக்காகத்தான் மற்ற நாட்களின் பாடெல்லாம்.

மூச்சுக் குழாய்க்குக் கிட்டாரின் தடித்த சுற்றுக் கம்பி. வரிவரியாக இருப்பதால் அப்படியே விண்வெளி உடையின் குழாய்தான். வெட்டிய முனையில் சுற்று பிரியாமலிருக்க, வெட்டுவதற்கு முன்பே அந்த இடத்தில் ஒரு துளி பசை.

நெற்றி விளக்குக்கு ஒட்டுப்பொட்டு அட்டையிலிருந்து 3 மி.மீ. வெள்ளைக்கல் பொட்டு. பின்புறம் வெள்ளி மெருகு இருப்பதால் மின்கலம் இல்லாமலே ஒளிரும். காசு கொடுத்து வாங்கும் லென்ஸ் எதுவும் இதற்கு ஈடில்லை. சுற்றி 0.5 மி.மீ. ஸ்டைரீன் வளையம்.

வாளிக்கு 0.25 மி.மீ. ஸ்டைரீன் தாள். 16 மி.மீ. விட்டத்துக்கு 50 மி.மீ. நீளம், ஒட்ட 2 மி.மீ. கூடுதல். மார்க்கர் பேனாவில் சுற்றி நூலால் கட்டி, கொதிநீரில் ஒரு நிமிடம், உடனே குளிர்நீர். வளைவு நிலைத்துவிடும். பற்பசை மூடி அழகான வாளிதான், ஆனால் முதல் டம்ளரில் மிதந்த வகை, கைப்பிடி ஒட்டாது.

காண்டாக் கம்புக்கு 2 மி.மீ. பித்தளைக் கம்பி. பிளாஸ்டிக் குச்சி இரண்டு வாளியின் பாரத்தில் மெல்ல வளைந்துவிடும். முதுகுப் பைக்கு 1:144 ரோபோ கிட்டில் மிச்சமான உந்துகலக் குழல்கள். அதன் 3 மி.மீ. முளைக்கு முதுகில் 3 மி.மீ. துளை. ஒரேயடியாகத் துளைத்தால் மார்பு பிளக்கும், 1, 2, 3 என்று ஏற வேண்டும். கை டிரில் போதும், மோட்டார் டிரில் ஏபிஎஸ்ஸை உருக்கி இழை இழையாக்கும்.

8 நவம்பர், சனி

இரண்டு பாக எப்பாக்சி மக்கில் தலைத்துணி, நீளக்கைச் சட்டையின் மடிப்புகள். சம அளவு எடுத்து நிறம் ஒன்றாகும்வரை பிசையணும். வரி தெரிந்தால் அந்த இடம் என்றைக்கும் இறுகாது. நம் வெயிலில் வேலை நேரம் பொதியில் போட்டதைவிடக் குறையும், அதனால் ஒரு தடவைக்குப் பட்டாணி அளவு. பிவிசி மேல் வைக்குமுன் ஊசியால் குறுக்கும் நெடுக்கும் கீற வேண்டும், இல்லையேல் தோல்போல் உரியும். மூட்டருகே வாசலின் தடவினால் மக்கு ஒட்டாமல் அசைவு தப்பும்.

துணி மடிப்புக்கு நிஜத் துணியைப் பார்த்தே செய்ய வேண்டும். முடிச்சு பிடரியில், மடிப்புகள் எல்லாம் முடிச்சை நோக்கியே ஓடும்.

9 நவம்பர், ஞாயிறு

மக்கு கல்லாகிவிட்டது. 400, 800 எண் உப்புத்தாள், தண்ணீரில் நனைத்து. தூள் மூச்சில் போகக் கூடாது.

இன்றே மூட்டுகளையும் தேய்க்க வேண்டும். பிரைமர் (அடிப்பூச்சு), நிறம், வார்னிஷ் மூன்றும் சேர்ந்தால் தாளின் தடிப்பு வரும். அந்த இடத்தை முன்கூட்டியே விடாவிட்டால் முதல் அசைவில் முழங்கை உட்புறம் நிறம் சுரண்டிப் போகும். தேய்த்த பின் தோள் ஆடினால் தவறில்லை, நிறம் அதை இறுக்கும். அசிட்டால் ஆணிக்கு நிறம் பூசவே கூடாது.

12 நவம்பர், புதன்

நிறம். ஸ்ப்ரே பிரைமர் மென்மையான பிவிசிக்கு எதிரி. அதன் கரைப்பானும் பிவிசிக்குள் இருக்கும் இளக்கி எண்ணெயும் கலந்து, மேற்பரப்பு மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். எனவே தலைக்கும் கைகளுக்கும் தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமர், ஏபிஎஸ் பாகங்களுக்கு மட்டும் ஸ்ப்ரே. எல்லாவற்றையும் முதலில் பாத்திரச் சோப்பால் கழுவி உலர்த்தியாயிற்று.

சட்டைக்கு வெளுத்த காக்கி, இரண்டு மெல்லிய பூச்சு. ஒரு பங்கு கரும்பழுப்புக்கு எட்டுப் பங்கு தண்ணீர் கலந்து மடிப்புகளில் ஓடவிட்டது. மடிப்பு முகடுகளில் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறம். முன்பக்கத்தில் வெள்ளைப் பால் கறை. காய்ந்த பால் மஞ்சளாகிப் பிறகு கறுக்கும், ஆகவே விளிம்புக்கு ஒரு பொட்டுப் பழுப்பு. இதைச் சேர்த்ததும்தான் வெறும் விண்வெளிச் சிப்பாய் பால்வெட்டுக்காரி ஆனாள்.

15 நவம்பர், சனி

மேட் வார்னிஷ் ஸ்ப்ரே. காலை எட்டு மணிக்கு வாசலில் அடித்த சோதனைத் துண்டு வெள்ளைப் பனி படிந்ததுபோல் ஆயிற்று. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிகிறது. விடிகாலை குளுமையாக இருப்பதால் நல்ல நேரம் என்று தோன்றும், ஈரம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஈரமானி 90 சதவீதத்துக்கு மேல் காட்டியது. பதினொன்றரைக்கு 64. அப்போது அடித்ததும் படலம் தெளிவாக வந்தது. பனி படிந்த துண்டின்மேலும் அதே நேரத்தில் மெல்லிய இரண்டாம் பூச்சு அடித்ததில் வெள்ளை பெரும்பாலும் கரைந்தது. மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது, ஆக வாய்ப்பு மூன்றரை மணி நேரம்தான். நெற்றிக் கல்லை வார்னிஷுக்குப் பிறகே ஒட்ட வேண்டும், இல்லையேல் ஒளி மங்கும்.

ஒரு முழு நாள் காய்ந்த பின் கை கால்களை மெதுவாக அசைத்து, பெட்டிக்குள். ஸ்டைரீன் பெட்டி வேண்டாம்: பிவிசியின் இளக்கி எண்ணெய் அதில் ஊறிப் பெட்டியையும் கைகளையும் ஒட்டவைத்துவிடும். பாலிபுரொப்பிலீன் டப்பா, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், வாளிகளைக் கழற்றித் தனியாக.